ட்ரிப் ஷீட்டின் மூன்றாவது கட்டம்

டயாலிசிஸ் சென்டர் வேனை ஓட்டுகிறவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது கெஞ்சினால் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. குடியோ சீட்டாட்டமோ இருந்திருந்தால் வீட்டில் சண்டை போட்டாவது திருத்தியிருப்பார்கள். இதை யார் திருத்துவது? தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன் என்று சொல்லிச் சொல்லியே ஊர் அவரைக் கெடுத்து வைத்திருந்தது.

வேலை என்னவோ சிக்கலில்லாததுதான். சிறுநீரகம் கைவிட்டவர்களை வீட்டு வாசலில் போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். சென்டரில் இறக்க வேண்டும். நாலு மணி நேரம் மெஷினில் அவர்கள் ரத்தம் சுத்தமாகி முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். ஆளுக்கு வாரத்தில் மூன்று நாள். கையில் ட்ரிப் ஷீட் என்று ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று கட்டங்கள்: ஏறினார், மறுத்தார், வீட்டில் இல்லை. ஏதாவது ஒன்றில் டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் பொறுப்பு சிஸ்டரின் மேஜையில் வைத்துவிட்டால் அன்றைய பாடு முடிந்தது.

வில்லங்கம் இரண்டாவது கட்டத்தில்தான். ஒரே மாதத்தில் மூன்று தடவை 'மறுத்தார்' விழுந்தால் அந்த ஆளின் மெஷின் நேரம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சட்டம் நியாயமான சட்டம்தான். காத்திருப்பவர்களுக்கும் உயிர் இருக்கிறதே. ஆனால் வருஷக்கணக்கில் வாரம் மூன்று முறை கையை நீட்டி இரண்டு தடித்த ஊசிகளை வாங்கிக்கொள்பவர்களுக்கு ஏதோ ஒரு நாள் மனசு விட்டுப்போகும். அன்றைக்கு வாசலில் நின்று, "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு தம்பி" என்பார்கள். டிரைவர் தலையைச் சொறிவார். பக்கத்து வீட்டு மாடியைப் பார்ப்பார். அப்புறம் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். அந்தக் கட்டத்துக்கு எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஒருவருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

டெய்லரக்காவுக்கு அந்த டிக் அடிக்கடி விழும். ஐம்பது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை, ஒரே மகளைத் தொலைதூரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவர் வீட்டில் கட்டில், நாற்காலி, டிவியின் தலை என்று எங்கு பார்த்தாலும் யூனிஃபார்ம் துணி கிடக்கும். "நாளைக்கு முப்பது பிள்ளைங்க சட்டை இல்லாம போகணுமா? நீயே சொல்லு" என்பார். டிரைவரின் இரண்டு பெண்களுக்கும் அவர்தான் தைக்கிறவர். ஒரு தடவை பார்த்தால் போதும், டேப்பே தேவைப்படாது. அப்பேர்ப்பட்டவர் கேட்கும்போது 'மறுத்தார்' கட்டத்துக்குப் பேனா எப்படிப் போகும்?

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. அடுத்த நாள், வியாழக்கிழமை மதியம், மலைச்சரிவுக் காடு பற்றிக்கொண்டது.

மழை பொய்த்து மாதக்கணக்கில் சருகாய்க் கிடந்த காடு. ஒரு மணிக்குப் புகை தெரிந்தது. மூன்று மணிக்கெல்லாம் சரிவை ஒட்டிய தெருக்களை வரிசையாகத் தின்றுவிட்டது. ஜனங்கள் கட்டிய துணியோடு ஓடினார்கள். மாத்திரை டப்பாவை எடுத்தவர் கண்ணாடியை விட்டார், கண்ணாடியை எடுத்தவர் மருத்துவச் சீட்டை விட்டார். சென்டர் எரியவில்லை. ஆனால் கரண்ட் போய்விட்டது, தண்ணீர்க் குழாய் உருகிவிட்டது. தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் மெஷின் வெறும் பெட்டி. ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி, தன் மெஷின்களில் சில மணி நேரங்களைப் பிரித்துத் தர ஒப்புக்கொண்டது. யார் யார் வருவார்கள் என்று உடனே பட்டியல் கேட்டது.

பொறுப்பு சிஸ்டர் கண் எரிய எரிய உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் போட்டார். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. கையில் இருந்தவை ட்ரிப் ஷீட்டுகள் மட்டும். ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப 'வீட்டில் இல்லை' என்று இருந்து, கடைசி நாளும் அப்படியே இருந்தால், அவர் தீக்கு முன்பே ஊரை விட்டுப் போனவர் என்று எடுத்துக்கொண்டு சிவப்பில் கோடு போட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த நேரத்தில் ஒவ்வொரு மெஷினும் யாரோ ஒருவரின் உயிர்.

டிரைவருக்கு அந்தப் பட்டியல் முழுசாக வரவில்லை. ஜனங்களை இரண்டு முகாம்களில் தங்க வைத்திருந்தார்கள், விளையாட்டு அரங்கத்தில் பாதிப் பேர், கல்லூரியில் பாதிப் பேர். அரங்கத்துப் பக்கம் இவர் வேன், கல்லூரிப் பக்கம் இன்னொரு வேன். கண்ணில் படாதவர்கள் எல்லாம் அந்த வேனில் போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தார். தூக்கமில்லாமல் ஓட்டுகிறவன் மூளை எவ்வளவு வேலை செய்யுமோ அவ்வளவுதான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேனின் டிரைவர் புகை இருமலில் படுத்துவிட, இவரைக் கல்லூரிக்குப் போகச் சொன்னார்கள். போனார். பட்டியலில் இருந்த நாலு பேரும் வாசலில் தயாராக நின்றார்கள். அவர்களை ஏற்றிவிட்டு, தண்ணீர் பிடித்துக்கொள்ள உள்ளே போனவர், வராந்தாவில் டெய்லரக்காவைப் பார்த்தார்.

முதலில் அடையாளம் தெரியவில்லை. முகம் ஊதி, கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, யாரோ ஒரு குழந்தையின் கிழிந்த சட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். முகாமில் உதவி செய்யும் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்கம்மா, வெயில் கொளுத்துது. நேத்தும் குடிக்க மாட்டேன்னீங்க."

டெய்லரக்கா வேண்டாம் என்று கையாட்டினார். டயாலிசிஸ் இல்லாத உடம்புக்குள் போகிற தண்ணீர் வெளியே வராது, நுரையீரலில்தான் போய்த் தேங்கும். அதை விளக்கிச் சொல்ல மூச்சு வேண்டுமே. அந்த மூச்சுதான் அவரிடம் இல்லை.

"அக்கா," என்றார் டிரைவர். "இங்க என்ன பண்றீங்க? கடைசியா எப்போ மெஷின்ல படுத்தீங்க?"

"திங்கக்கிழமை." இரண்டு மூச்சு வாங்கினார். "போன திங்கக்கிழமை."

ஆறு நாள். இரண்டு நாளுக்கு ஒரு முறை படுக்க வேண்டிய உடம்பு ஆறு நாளாகக் காத்திருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன் தம்பி. இங்க மருந்து தர்ற மேஜைல போய்க் கேட்டேன். லிஸ்ட்டைப் பாத்துட்டு, உங்க பேரு இல்லையே, வரும், இருங்கன்னாங்க. இருக்கேன்." கையில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அடிக்கடி மட்டம் போட்டேன்ல. அதான் எடுத்துட்டாங்க போல. என்னைய விட உருப்படியா வர்றவங்களுக்குக் குடுக்கட்டும்னு சும்மா இருந்துட்டேன்."

டிரைவர் அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு தூக்காத குறையாக வேனுக்கு நடத்திக்கொண்டு போனார். நாலு பேரும் நகர்ந்து முன் சீட்டை விட்டார்கள். ஒன்றரை மணி நேரமும் டெய்லரக்கா சீட்டில் சாயவில்லை. சாய்ந்தால் மூச்சு முட்டியது. முன்னால் குனிந்து கம்பியைப் பிடித்தபடி வந்தார். இரண்டு பக்கமும் மரமெல்லாம் கறுத்து நின்றது. கரும்பலகை போட்டு எழுதிக் காட்டியது மாதிரி டிரைவருக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. மட்டம் போட்டதற்காக யாரும் அக்கா பெயரை எடுக்கவில்லை. தன்னுடைய டிக் எடுத்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே ஒரு மேஜை போட்டுப் பொறுப்பு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். சென்டரிலிருந்து இவரையும் இங்கேயே அனுப்பியிருந்தார்கள். நாலு பேரை டிக் செய்து உள்ளே அனுப்பிவிட்டு நிமிர்ந்தவர், டெய்லரக்காவைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, காலை அழுத்திப் பார்த்தார். விரல் போன இடம் குழியாகவே நின்றது.

"நீங்க ஊர்ல இல்லன்னுல்ல இருக்கு" என்று ஷீட்டுகளைப் புரட்டினார். "ரெண்டு மாசத்துல அஞ்சு தடவை வீட்டில் இல்லை. போன புதன்கிழமையும் இல்லை. எங்க போயிருந்தீங்க?"

டெய்லரக்கா தலையைத் தூக்கி டிரைவரைப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் அந்த அம்மாள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டார். போன வருஷம் ஓட்டாத ட்ரிப்பை ஓட்டியதாக எழுதிய ஒரு டிரைவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய கதை வேனில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும்.

"மக ஊருக்கு, சிஸ்டர்."

"அஞ்சு தடவையுமா?"

"ஆமா. அவளுக்கு உடம்பு சரியில்ல."

"அப்போ டயாலிசிஸ்?"

பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் தேவைப்பட்டது. "அங்கயே பண்ணிக்கிட்டேன்."

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா இப்படிச் சொல்றீங்க. வேற இடத்துல மெஷின்ல படுத்திருந்தா, ரத்தத்துல எதாவது தொத்து இருக்கான்னு டெஸ்ட் பண்ணாம இங்க போட முடியாதே. ரிப்போர்ட் வர செவ்வாய்க்கிழமை ஆயிடும். அவசரத்துக்குன்னு ஒரு மெஷின் காலியா வெச்சிருக்கோம், அதுலகூடப் போட முடியாது. உங்களுக்கு அப்புறம் படுக்கிறவருக்கு எதாவது வந்தா யாரு பதில் சொல்றது?"

"சரி சிஸ்டர். செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கேன்."

இருக்கமாட்டார் என்பது அந்த மேஜையைச் சுற்றி இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

கதவு கண்ணாடி வழியாக அந்தக் காலி மெஷின் டிரைவருக்குத் தெரிந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். அவர் பயந்தார். அதை மூடி மறைத்து அவரை வீரனாக்க எனக்கு மனமில்லை. நாற்பத்தாறு வயது, வேறு தொழில் தெரியாது, இரண்டு பெண்களும் படிக்கிறார்கள். சும்மா நின்றால் போதும். கேட்டால்கூட அக்காவே சொன்னார்கள் என்று சொல்லிவிடலாம். கேட்கப்போகிறவரும் யாருமில்லை. டெய்லரக்கா தன் உயிரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா எங்கயும் போகல சிஸ்டர்" என்றார் டிரைவர்.

"தம்பி, நீ சும்மா இரு."

"அஞ்சு தடவையும் வீட்டுலதான் இருந்தாங்க. வாசல்ல நின்னு என்கூடப் பேசினாங்க. இன்னைக்கு வேணாம்னு சொன்னாங்க. மறுத்தார்னு போட்டா இடம் போயிடுமேன்னு நான்தான் வீட்டில் இல்லைன்னு போட்டேன். வேற எந்த மெஷின்லயும் அவங்க படுக்கல. பழைய ரத்த ரிப்போர்ட்டே செல்லும். போடுங்க சிஸ்டர்."

"அவன் எனக்காகப் பொய் சொல்றான்" என்றார் டெய்லரக்கா. மூச்சு இரைக்க இரைக்கச் சொன்னார். "நம்பாதீங்க."

"மக நம்பரைக் குடுங்கக்கா. சிஸ்டரே கேக்கட்டும்."

அக்கா குனிந்துகொண்டார். நம்பர் வரவில்லை.

சிஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று டிரைவர் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. வார்டுக் கதவைத் திறந்து டாக்டரிடம் ஏதோ சொன்னார். ஒரு நிமிஷத்தில் சக்கர நாற்காலி வந்தது. டெய்லரக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது திரும்பி, "உனக்கு அறிவே கிடையாது" என்றார். அந்த முகத்தில் கோபம் நிஜமாகவே இருந்தது. தான் கொடுத்ததை ஒருவன் வாங்கிக்கொள்ளவில்லை என்கிற கோபம்.

கண்ணாடிக்கு அப்பால் மெஷின்மேல் இருந்த துணியை எடுத்தார்கள். குழாயில் சிவப்பு ஓடத் தொடங்கியது.

சிஸ்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இப்ப சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இது மேல போகும். நான் மறைக்கப்போறதில்ல."

"சரி சிஸ்டர்."

"கோடு போட்டது நான். அதையும் எழுதித்தான் அனுப்புவேன்." குரல் தணிந்திருந்தது. "வேற யாருக்கெல்லாம் இப்படிப் போட்டீங்க?"

பேனாவைத் தாளில் வைத்திருந்த டிரைவர் அப்படியே நின்றார். காலையிலிருந்து அவருக்கு டெய்லரக்காவைத் தவிர வேறு எதுவும் மூளையில் ஏறவில்லை. இப்போது ஏறியது. மர டிப்போவின் வாட்ச்மேன். மாற்று ஆள் வராத நாளெல்லாம் கேட்டைத் திறக்காமல், கம்பி வழியாகக் கையை மட்டும் நீட்டி ஆட்டுவார். செவ்வாய், வியாழன், சனி அவர் முறை. தீக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கையை ஆட்டினார். வியாழக்கிழமை அவர் முறை மதியத்துக்கு மேல், அதற்குள் தீ வந்துவிட்டது. அதற்கு முன் படுத்தது சனிக்கிழமை. அவர் அரங்கத்து முகாமில் இல்லை. கல்லூரியில் இருப்பார், அந்த வேனில் போகிறார் என்று டிரைவர் நினைத்திருந்தார். ஆனால் இன்றைக்குக் கல்லூரி வேனே இவர் கையில்தானே இருக்கிறது? காலையில் கொடுத்த பட்டியலின் பின்பக்கத்தில் சனிக்கிழமைப் பட்டியலும் இருந்தது. புரட்டிப் பார்த்தார். வாட்ச்மேன் பெயர் இல்லை.

"ஒருத்தர் இருக்காரு, மர டிப்போ வாட்ச்மேன்" என்றார். "எட்டு நாள் ஆச்சு சிஸ்டர்."

சிஸ்டர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே மெஷினில் படுத்திருந்த டெய்லரக்காவிடம், முகாமில் டயாலிசிஸ் ஆள் வேறு யாரையாவது பார்த்தாரா என்று அவர் விசாரித்தது டிரைவருக்குக் கேட்டது. பதிலும் துண்டு துண்டாகக் கேட்டது.

"பேரு தெரியாது... ஒரு பெரியவரு. கையில எனக்கு மாதிரியே ஊசி போடுற இடத்துல புடைப்பு. தொட்டுப் பாருன்னாரு, ரத்தம் விர்ருனு ஓடுச்சு. லைப்ரரி ஹால்ல, கடைசி ஜன்னல்கிட்ட. அவரையும்... பேரு வரும், இருங்கன்னுதான் சொல்லியிருக்காங்க."

"அவரைக் கொண்டு வர்றதுக்குள்ள ஒரு மெஷின் காலியாயிடும், தயாரா வெப்பேன்" என்றார் சிஸ்டர். "நாங்க முகாமுக்குப் போன் பண்ணி ஆம்புலன்ஸ் கேக்கறோம். நாலு நாளா ஒரு ஆம்புலன்ஸும் சொன்ன நேரத்துக்கு வரல. நீங்களும் கிளம்புங்க. தாள் இங்கயே இருக்கட்டும், வந்து எழுதுங்க."

கறுத்த மரங்களுக்கு நடுவில் அவர் எப்படி ஓட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கல்லூரி வாசலில் ஆம்புலன்ஸ் எதுவும் இல்லை. லைப்ரரி ஹாலில் புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வரிசையாகப் பாய் போட்டிருந்தார்கள். கடைசி ஜன்னலுக்குக் கீழே, இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி வாட்ச்மேன் கண்ணை மூடியிருந்தார். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. டிரைவர் குனிந்து அவர் கையில் அந்தப் புடைப்பைத் தொட்டார். விர்ரென்று ஓடியது. ஓடுகிறது என்று தெரிந்ததும் டிரைவர் வெட்கமில்லாமல் அழுதார்.

வாட்ச்மேன் கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா. பேரு வந்துடுச்சா?"

"இல்லண்ணே. உங்க பேரை அழிச்சதே நான்தான். வீட்டுல இல்லன்னு நான் எழுதினதால ஊரை விட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சுட்டாங்க. யாருமே தேடல."

வாட்ச்மேன் அதைக் காதில் வாங்கி, மெதுவாக உள்ளே இறக்கிக்கொண்டார்.

"நான் இந்த ஜன்னல்கிட்டதான் மூணு நாளா உக்காந்திருக்கேன்" என்றார். "தெனமும் உன் வேனை எதிர்பாத்துட்டு இருந்தேன். டிப்போ கேட்டுல வந்து கூப்பிடுற ஆளு, இங்க வந்து கூப்பிட மாட்டானான்னு."

டிரைவர் ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னாலும் இன்னொரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தார்.

"இருப்பா" என்றார் வாட்ச்மேன். "செருப்பு. கால் வீங்கிடுச்சு, ஏற மாட்டேங்குது. கையில எடுத்துக்க."

டிரைவர் செருப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவரைத் தூக்கினார்.